ஆணியில் தொங்கிய சாவி... பௌர்ணமி இரவில் காணாமல் போன எங்கள் கார்!

காலை 4.50-க்கு அப்பாவிடமிருந்து போன் வந்தால் யாருக்கும் வயிற்றைப் பிசையும். சென்னையில் ஹாஸ்டல் கட்டிலில் படுத்திருந்த நான், பாட்டிக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டே போனை எடுத்தேன்.

"பாப்பா... வண்டி இல்லம்மா."

"இல்லைன்னா? யாராச்சும் நகர்த்தி நிறுத்தியிருப்பாங்கப்பா."

"ரோடு வரைக்கும் போய்ப் பார்த்துட்டேன். இல்லம்மா."

பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. "சாமி கும்பிடப் போன நேரத்துல இப்படிப் பண்ணிட்டானே..."

எங்கள் ஊர் திருவண்ணாமலை. முதல் நாள் இரவு ஆனி மாதப் பௌர்ணமி. அப்பாவும் அம்மாவும் 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்து, கால் வலியோடு வீடு திரும்பியபோது அபார்ட்மென்ட்டின் கீழ்த்தளத்தில் எங்கள் காரின் இடம் காலியாக இருந்தது. தரையில் நாலு சொட்டு ஆயில் கறை மட்டும்தான் மிச்சம்.

நான் ஒரு டிஜிட்டல் டெஸ்க் நிருபர். 'கார் இன்ஷூரன்ஸில் பணத்தை மிச்சப்படுத்துவது எப்படி?' என்று நானே செய்தி எழுதியிருக்கிறேன். ஆனால், ஒரு கார் திருடுபோனால் ஒரு குடும்பம் என்னவெல்லாம் செய்ய வேண்டும் என்பது அன்று காலை எனக்குத் தெரியாது. அதன்பிறகான ஏழு மாதங்களில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதில் நான் பெருமைப்பட முடியாத ஒரு விஷயமும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சாவிப் பலகையின் கதை

எங்களுடையது 12 வீடுகள் கொண்ட சின்ன அபார்ட்மென்ட். பில்டர் கீழ்த்தளத்தில் 12 கார் நிறுத்தலாம் என்று சொல்லித்தான் விற்றார். நிறுத்தலாம்தான், ஒன்றன் பின் ஒன்றாக! உள்ளே இருக்கும் காரை எடுக்க வேண்டுமானால், முன்னால் நிற்கும் கார்க்காரர் இறங்கி வந்து நகர்த்த வேண்டும். காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடும் நேரத்தில் இதனால் தினமும் ஒரு சண்டை நடக்கும்.

அதற்கு ஒரு தீர்வு கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு காரின் இரண்டாவது சாவியும் வாட்ச்மேன் அறையில் இருக்கட்டும். யாருக்கு எந்த வண்டியை நகர்த்த வேண்டுமோ, அவர்களே எடுத்து நகர்த்திக்கொள்ளலாம். ஒரு பிளைவுட் பலகையில் வரிசையாக ஆணி அடித்து, ஆணிக்கு மேல் வீட்டு எண்ணை எழுதி, சாவிகளை மாட்டிவிட்டார்கள். சண்டை நின்றது.

இந்த யோசனையைச் சொன்னவர் என் அப்பா. சங்கத்தின் மினிட்ஸ் புத்தகத்தில் அவர் பெயரில்தான் அந்தத் தீர்மானம் இருக்கிறது. இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இதைப் படிக்கும் உங்களில் பலருடைய அபார்ட்மென்ட்டிலும் இப்படி ஒரு பலகை இருக்கலாம். பலகை இல்லாவிட்டால் ஒரு டிராயர், அதுவும் இல்லாவிட்டால் வாட்ச்மேனின் சட்டைப் பை.

4,300 ரூபாய் மிச்சம் பிடிக்கப் பார்த்தேன்

அப்பா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். ரிட்டயர்மென்ட் பணத்தில் அவர் தனக்கென்று செய்துகொண்ட ஒரே செலவு, கைமாறி வந்த அந்த 1,200 சிசி பெட்ரோல் கார். டிஎன் 25 நம்பர். மாதம் ஒருமுறை பாட்டியை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக அதுதான் வசதி.

அந்த வருஷத் தொடக்கத்தில் இன்ஷூரன்ஸ் ரினீவல் வந்தது. முழுக் காப்பீடு, அதாவது காம்ப்ரிஹென்சிவ் பாலிசிக்கு 8,750 ரூபாய் கேட்டார்கள். நான் போனில் கணக்குப் போட்டுக் காட்டினேன்.

"அப்பா, சட்டப்படி கட்டாயம்னு இருக்கிறது தேர்டு பார்ட்டி மட்டும்தான். 1,000 சிசிக்கு மேல, 1,500 சிசி வரைக்கும் 3,416 ரூபாய். ஜிஎஸ்டி 18 சதவிகிதம் சேர்த்தா 4,031. ஓனருக்கான விபத்துக் காப்பீட்டையும் போட்டா 4,400 பக்கம் வரும். உங்களுக்கு வருஷம் 4,300 ரூபாய் மிச்சம். நம்ம ஊர்ல யாருப்பா கார் திருடப் போறா?"

கணக்கு சரிதான். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன்படி தேர்டு பார்ட்டி காப்பீடு இல்லாமல் வண்டியைச் சாலையில் இறக்கக் கூடாது. அதன் கட்டணத்தை அரசே நிர்ணயிக்கிறது. நான் சொன்ன 3,416 ரூபாய், 2022 ஜூன் 1-ம் தேதி நடைமுறைக்கு வந்த கட்டணம். 1,000 சிசி வரையிலான கார்களுக்கு 2,094 ரூபாய், 1,500 சிசிக்கு மேல் 7,897 ரூபாய். எந்த கம்பெனியில் எடுத்தாலும் இந்தத் தொகை மாறாது. நம் சொந்த வண்டியின் சேதத்துக்கும் திருட்டுக்குமான 'ஓன் டேமேஜ்' பகுதியில்தான் கம்பெனிக்கு கம்பெனி விலை வித்தியாசப்படும்.

ஆனால், தேர்டு பார்ட்டி பாலிசி என்பது நம் வண்டியால் மற்றவர்களுக்கு ஏற்படும் இழப்புக்கு மட்டும்தான். நம் வண்டி திருடுபோனால் அதில் ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது.

அப்பா நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே வார்த்தை சொன்னார். "மலையே இறங்கி வந்துச்சே... பார்த்தல்ல?"

2024 டிசம்பர் 1-ம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் எங்கள் அண்ணாமலையார் மலையில் மண் சரிந்து, பாறை உருண்டு, வ.உ.சி. நகரில் 7 பேர் உயிரிழந்தார்கள். அதில் 5 பேர் குழந்தைகள். அந்த வாரம் ஊரே அழுதது. வெள்ளம், புயல், நிலச்சரிவு, பாறைச் சரிவு எல்லாம் முழுக் காப்பீட்டில் அடங்கும் என்பதை அப்பா பாலிசியை வரி வரியாகப் படித்து வைத்திருந்தார். 8,750 ரூபாயைக் கட்டிவிட்டார்.

ஐடிவி விஷயத்திலும் அவர் என் பேச்சைக் கேட்கவில்லை. ஐடிவி என்பது வண்டிக்கு அன்றைய தேதியில் போடப்படும் காப்பீட்டு மதிப்பு. திருடுபோனால் அதிகபட்சமாகக் கிடைக்கக்கூடிய தொகை அதுதான். வண்டிக்கு வயது ஏற ஏற ஐடிவி குறையும். ஒரு வருடம் முடிந்தால் 20 சதவிகிதம், இரண்டு முடிந்தால் 30, மூன்று முடிந்தால் 40, நான்கு முடிந்தால் 50 சதவிகிதம் கழிப்பார்கள். ஐந்து வருடத்துக்கு மேல் ஆன வண்டிக்கு, கம்பெனியும் நாமும் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். இங்கேதான் ஒரு சபலம் வரும். எங்கள் காருக்கு ஐடிவி 3,20,000 என்றால் ஒரு விலை. 2,60,000 என்றால் சுமார் 900 ரூபாய் குறைவு. "குறைச்சே போடுங்கப்பா" என்றேன் நான். "900 ரூபாய்க்கு 60,000 ரூபாயை விட்டுத்தரணுமா?" என்றார் கணக்கு வாத்தியார்.

வெளியாள் யாரென்று யாரும் கேட்காத இரவு

பௌர்ணமி அன்று எங்கள் ஊரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கிரிவலப் பாதையில் வண்டிகளை விட மாட்டார்கள். தெருவுக்குத் தெரு வெளியூர் கார்கள் நிற்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் சொந்தக்காரர்கள் வந்து இறங்குவார்கள். எங்கள் அபார்ட்மென்ட்டிலும் அன்று இரவு முழுக்க கேட் திறந்தேதான் இருந்தது. முகம் தெரியாதவர்கள் வருவதும் போவதும், கார்களை எடுப்பதும் நிறுத்துவதும் அன்று சகஜம். மற்ற நாளில் ஒரு புது ஆள் உள்ளே வந்தால், "யாரு வேணும்?" என்று வாட்ச்மேன் தாத்தா எழுந்து நிற்பார். பௌர்ணமியில் யாரை என்று கேட்பார்?

இரவு 11 மணி வாக்கில் தெருமுனையில் அன்னதானம் நடந்திருக்கிறது. தாத்தா சாப்பாடு வாங்கிக்கொண்டு வர இருபது நிமிடம் ஆகியிருக்கிறது. திரும்பி வந்தவர் பலகையைப் பார்க்கவில்லை. எங்கள் கார் அன்று முன்வரிசையில் நின்றது.

சிசிடிவி? இருந்தது. மூன்று வாரங்களாக ரெக்கார்டு ஆகவில்லை என்பது அன்றைக்குத்தான் எங்களுக்கே தெரிந்தது.

சிஎஸ்ஆர் வேறு, எஃப்ஐஆர் வேறு

நான் முதல் பஸ் பிடித்து ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் அப்பா 100-க்குப் போன் செய்து, ஸ்டேஷனுக்கும் போயிருந்தார். கையில் ஒரு ரசீதோடு வந்தார். "கம்ப்ளெயின்ட் கொடுத்தாச்சும்மா."

அது சிஎஸ்ஆர். புகார் பெற்றுக்கொண்டதற்கான ரசீது. தமிழ்நாட்டில் நம்மில் பலர் இதை வாங்கியதுமே வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். இன்ஷூரன்ஸுக்கு இது போதாது, எஃப்ஐஆர் வேண்டும். நாங்கள் திரும்பப் போய்க் கேட்டபோது, "இருங்க, ரெண்டு நாள் தேடிப் பார்ப்போம்" என்றார்கள். அப்பா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். சாயந்திரம் எஃப்ஐஆர் நகலோடுதான் எழுந்தார்.

உங்களுக்கு இப்படி நடந்தால், இரண்டு விஷயங்களைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் 173-வது பிரிவின்படி, புகாரை மின்னணு வழியிலும் அனுப்பலாம். மூன்று நாள்களுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். ஸ்டேஷனில் பதிவு செய்ய மறுத்தால், அதே பிரிவின்படி புகாரை எஸ்.பி-க்குத் தபாலில் அனுப்பலாம்.

அன்றைக்கே இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் தகவல் சொல்லிவிட வேண்டும். போலீஸில் உடனே புகார் கொடுத்துவிட்டு, பதற்றத்தில் கம்பெனிக்குத் தாமதமாகச் சொன்னவர்களும் பயப்பட வேண்டாம். அந்தத் தாமதத்தை மட்டுமே காரணம் காட்டி நியாயமான க்ளெய்மை மறுக்க முடியாது என்று, குர்ஷிந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2020 ஜனவரியில் சொல்லியிருக்கிறது.

இன்னொன்று, ஃபாஸ்டேக். பதற்றத்தில் உடனே அதை முடக்கிவிடாதீர்கள். போலீஸிடம் கேட்டுச் செய்யுங்கள். திருடியவன் டோல்கேட்டைக் கடந்தால் உங்கள் போனுக்கு எஸ்எம்எஸ் வரும். அப்பா ஒரு வாரம் போனைக் கையிலேயே வைத்திருந்தார். எந்த எஸ்எம்எஸ்ஸும் வரவில்லை.

"ரெண்டு சாவியும் வேணும்"

க்ளெய்ம் ஃபாரத்தில் ஒரு கேள்வி இருந்தது. வண்டியின் எல்லாச் சாவிகளும் உங்களிடம் உள்ளனவா?

எங்களிடம் இருந்தது ஒன்று. இன்னொன்று பலகையிலிருந்து காரோடு போய்விட்டது.

அன்று மதியம் வீட்டுக்கு வந்த தெரிந்தவர் ஒருவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "சார், சாவிக்கடையில ஒண்ணு வெட்டிக் கொடுத்துடலாம். வாட்ச்மேன்கிட்ட சாவி இருந்துச்சுன்னு எழுதினீங்கன்னா க்ளெய்ம் போச்சு."

அவர் சொன்னதில் பாதி உண்மை. மோட்டார் பாலிசியில் ஒரு நிபந்தனை இருக்கிறது. வண்டியைப் பாதுகாக்க உரிமையாளர் நியாயமான எல்லா நடவடிக்கைகளையும் எடுத்திருக்க வேண்டும். ஊரே வந்துபோகும் இடத்தில் சாவியை ஆணியில் மாட்டி வைப்பது எந்த வகைப் பாதுகாப்பு?

ஃபாரத்தை என் போனில் நான்தான் நிரப்பிக்கொண்டிருந்தேன். சாவிக் கேள்விக்கு 'ஆம்' என்று டைப் செய்தேன். இதுதான் நான் பெருமைப்பட முடியாத விஷயம். தினமும் அடுத்தவர்களின் பொய்களை 'ஃபேக்ட் செக்' செய்து சம்பளம் வாங்குகிறவள் நான். மூன்று லட்சத்து இருபதாயிரம் என்றதும் என் விரல் தயங்கவேயில்லை.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை வாங்கிப் படித்தார்.

"இதை அழிச்சிடும்மா."

"அப்பா, பாட்டியை எப்படிக் கூட்டிட்டுப் போவீங்க?"

"பஸ்ல கூட்டிட்டுப் போறேன். 31 வருஷமா பசங்ககிட்ட, தெரியலைன்னா காலியா விடு, பார்த்து எழுதாதேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். இப்ப நான் பார்த்து எழுதவா?"

அழித்தேன். 'ஒரு சாவி என்னிடம் உள்ளது. மற்றொன்று அபார்ட்மென்ட் வாட்ச்மேன் அறையில் இருந்தது. சம்பவத்தன்று அது எடுக்கப்பட்டுள்ளது' என்று அவர் சொல்லச் சொல்ல டைப் செய்தேன். சாவியைப் பற்றி எஃப்ஐஆரிலும் இதையேதான் சொல்லியிருந்தார்.

பிறகு விசாரணைக்கு வந்த இன்வெஸ்டிகேட்டர், எங்களிடமிருந்த சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தேய்மானத்தைப் பார்க்கிறாராம். புதிதாக வெட்டிய சாவி பார்த்ததுமே தெரிந்துவிடுமாம். பலகையையும் படம் எடுத்துக்கொண்டு போனார். அந்தப் பொய்யைச் சொல்லியிருந்தால், மோசடி என்று சொல்லி மொத்த க்ளெய்மையும் அவர்கள் தள்ளியிருக்க முடியும். அப்பாவுக்கு அப்போது அதெல்லாம் தெரியாது. தெரிந்ததால் அவர் உண்மையைச் சொல்லவில்லை.

தாத்தாவை அனுப்பிவிடலாம் என்றார்கள்

அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். எல்லோருக்கும் பயம். "இன்னிக்கு இவர் வண்டி, நாளைக்கு நம்ம வண்டி." பத்து நிமிடத்தில் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். வாட்ச்மேனை அனுப்பிவிடுவது.

தாத்தா கேட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். எழுபதை நெருங்கும் வயது. செங்கம் பக்கத்துக் கிராமம். மாதம் 8,000 ரூபாய் சம்பளம். "நா இன்னா ஐயா பண்ணுவேன்... சோறு வாங்கினு வர்றதுக்குள்ள..." என்று மட்டும் அப்பாவிடம் சொன்னார்.

செகரட்டரி அங்கிள் சட்டம் தெரிந்தவர். அவர் இன்னொரு விஷயத்தையும் எடுத்துவைத்தார். "பார்க்கிங் ஓனர்ஸ் ரிஸ்க்னு போர்டு இருக்கு. சங்கம் பொறுப்பாகாது."

இது எங்கும் நாம் பார்க்கும் வாசகம். டெல்லியில் தாஜ் மஹால் ஹோட்டலில், 1998-ல் வேலே பார்க்கிங்குக்குக் கொடுத்த கார் திருடுபோன வழக்கில், 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. சாவியையும் காரையும் தன் பொறுப்பில் வாங்கிக்கொண்ட ஹோட்டல், 'ஓனர்ஸ் ரிஸ்க்' என்று சீட்டில் அச்சடித்துவிட்டு அலட்சியத்திலிருந்து தப்பிக்க முடியாது என்பது அதன் சாரம். கூட்டத்தில் நான் இதை எடுத்துச் சொன்னேன். ஹோட்டலுக்கான அந்தத் தீர்ப்பு, குடியிருப்போர் சங்கத்துக்கு அப்படியே பொருந்திவிடாது. இருந்தாலும், சாவியை வாங்கி மாட்டிவைக்கிற இடத்தில் ஒரு பொறுப்பும் சேர்ந்தே வருகிறது என்பதைக் கேட்டு எல்லோரும் அமைதியானார்கள். அப்பா சங்கத்தின் மேல் வழக்குப் போடுவார் என்று சிலர் நினைத்திருக்கலாம்.

அப்பா மினிட்ஸ் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். பழைய பக்கத்தைப் புரட்டி, சாவிப் பலகைத் தீர்மானத்தை எடுத்தார்.

"இதை முன்மொழிஞ்சது நான். 12 பேரும் கையெழுத்துப் போட்டிருக்கோம். பூட்டு இல்லாத பலகையில 12 கார் சாவியை மாட்டிட்டு, ஒரு வயசான மனுஷனைக் காவலுக்கு உட்கார வெச்சோம். கேமரா ஓடுதான்னு நம்மில் ஒருத்தர்கூடப் பார்க்கலை. சாப்பிடப் போனது மட்டும்தான் அவர் தப்புன்னா, இங்க இருக்கிற யாரு வேணும்னாலும் அவரை அனுப்பலாம்."

யாரும் பேசவில்லை. தாத்தா இன்றைக்கும் எங்கள் கேட்டில்தான் இருக்கிறார். அன்றிலிருந்து அவருக்கு இரவுச் சாப்பாடு, நாளுக்கு ஒரு வீடு.

100-க்கு 75

கார் கிடைக்கவில்லை. ஐந்து மாதம் கழித்து, கண்டுபிடிக்க முடியவில்லை என்ற 'நான் டிரேசபிள்' சான்றிதழ் போலீஸிடமிருந்து கிடைத்தது. எஃப்ஐஆர், ஆர்.சி., பாலிசி, இருந்த ஒரே சாவி, ஆர்டிஓ அலுவலகத்துக்கான 28, 29, 30 எண் படிவங்களில் கையெழுத்து எல்லாவற்றையும் கொடுத்தோம். காருக்குக் கடன் இருந்தால் 35-ம் எண் படிவமும் வங்கியின் கடிதமும் தேவைப்படும். பணம் முதலில் வங்கிக்குத்தான் போகும்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. 'பாதுகாப்பு நிபந்தனை மீறப்பட்டுள்ளதால் தங்கள் க்ளெய்மை ஏற்க இயலவில்லை.'

அம்மா அந்தக் கடிதத்தை சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். என்னால் அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உண்மையை எழுதியதற்கு இதுதான் பலனா என்று எனக்குள் ஒரு கோபம். அந்தக் கோபத்தில்தான் தேட ஆரம்பித்தேன்.

நிபந்தனை மீறல் என்றால் மொத்தமும் போய்விடும் என்பது சரியில்லை. அமலேந்து சாஹூ வழக்கில் 2010-லேயே உச்ச நீதிமன்றம், பாலிசி நிபந்தனை மீறப்பட்டிருந்தாலும் க்ளெய்மை முழுவதுமாக நிராகரிக்காமல், 'நான் ஸ்டாண்டர்டு' அடிப்படையில் 75 சதவிகிதம் வரை கொடுக்கலாம் என்ற வழிமுறையை ஏற்றிருக்கிறது. 2023-ல் அசோக் குமார் என்பவரின் லாரி வழக்கு. டிரைவர் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்கிய நேரத்தில் லாரி திருடுபோனது. அங்கேயும் 75 சதவிகிதத்தைக் கொடுக்கத்தான் உத்தரவு.

இரண்டையும் குறிப்பிட்டு கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அப்பா கடிதம் எழுதினார். கம்பெனி பதில் தராவிட்டால் அடுத்த படி ஐஆர்டிஏஐ-யின் 'பீமா பரோசா' தளம். 155255 என்ற எண்ணிலும் புகார் சொல்லலாம். 30 நாளில் தீர்வு இல்லையென்றால் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன். சென்னையில் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. எங்களுக்கு அந்த அளவுக்குப் போக வேண்டியிருக்கவில்லை. முதல் கடிதத்துக்கே மறுபரிசீலனை செய்தார்கள். சாவி விஷயத்தை மறைக்காமல் முதலிலேயே எழுதியிருந்தது எங்களுக்குச் சாதகமாகக் குறிப்பிடப்பட்டிருந்தது.

3,20,000-ல் 75 சதவிகிதம் 2,40,000. கட்டாயப் பிடித்தம் 1,000 போக, 2,39,000 ரூபாய் தை மாதம் முடிவதற்குள் அப்பாவின் கணக்குக்கு வந்தது. ஐடிவியை நான் சொன்னபடி 2,60,000 என்று போட்டிருந்தால் இதில் 45,000 குறைந்திருக்கும். தேர்டு பார்ட்டி மட்டும் எடுத்திருந்தால் பூஜ்யம்.

எஸ்எம்எஸ்ஸைப் பார்த்த அப்பா சொன்னது, "75 மார்க். பரவால்ல, டிஸ்டிங்ஷன்தான்."

உங்கள் அபார்ட்மென்ட்டுக்குக் கீழே போய் ஒருமுறை பாருங்கள்

அபார்ட்மென்ட்டில் கேட், வாட்ச்மேன், கேமரா எல்லாம் இருக்கிறதே, பிரீமியம் குறையுமா என்று பலர் கேட்கிறார்கள். பிரிட்டன் போன்ற நாடுகளில் கார் இரவில் எங்கே நிற்கிறது என்று கேட்டுத்தான் விலை சொல்வார்கள். இங்கே நான் நிரப்பிய ஃபாரத்தில் அப்படி ஒரு கேள்வியே இல்லை. நம் பழைய மோட்டார் டாரிஃப் முறையில் ஊர்களை இரண்டு மண்டலங்களாகத்தான் பிரித்திருந்தார்கள். சென்னை, மும்பை, டெல்லி போன்ற 8 பெருநகரங்கள் ஒன்று. திருவண்ணாமலை உட்பட மற்ற எல்லா ஊர்களும் இன்னொன்று. நமக்குக் கொஞ்சம் குறைவு. ஆராய் எனப்படும் ஏஆர்ஏஐ சான்று பெற்ற திருட்டுத் தடுப்புக் கருவி பொருத்தினால், அந்த டாரிஃப்படி ஓன் டேமேஜ் பகுதியில் 2.5 சதவிகிதம், அதிகபட்சம் 500 ரூபாய்தான் சலுகை. தள்ளுபடிக்காகக் கருவி வாங்க வேண்டாம். கார் வீட்டில் இருப்பதற்காக வாங்குங்கள்.

பிரீமியத்தை உண்மையிலேயே குறைப்பது நோ க்ளெய்ம் போனஸ். க்ளெய்ம் இல்லாத முதல் வருடத்துக்கு 20 சதவிகிதத்தில் தொடங்கி, 25, 35, 45 என்று ஏறி, ஐந்தாவது வருடத்தில் 50 சதவிகிதம் ஆகும். பாலிசி முடிந்து 90 நாள்களுக்குள் புதுப்பிக்காவிட்டால் அது போய்விடும். சின்னக் கீறலுக்கெல்லாம் க்ளெய்ம் போட்டாலும் போய்விடும். புதுக் கார் வைத்திருப்பவர்கள், 'ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்' என்ற கூடுதல் காப்பீட்டைக் கேட்டுப் பாருங்கள். திருடுபோனால் ஐடிவிக்குப் பதிலாக, வாங்கிய விலையின் அடிப்படையில் கிடைக்கும்.

எங்கள் அபார்ட்மென்ட்டில் பலகை இப்போது இல்லை. நகர்த்த வேண்டியவர் போன் செய்வார், கார்க்காரர் இறங்கி வருவார். பள்ளிக்கூட நேரத்துச் சண்டை திரும்ப வந்துவிட்டது. யாரும் குறை சொல்வதில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு, ஒருவர் கேமரா பதிவை ஓட்டிப் பார்த்து நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். பௌர்ணமிக்கு மட்டும் இரண்டு பேர் தாத்தாவோடு கேட்டில் உட்கார்கிறார்கள். வருகிற கார்களின் நம்பரும் வந்தவர்களின் வீட்டு எண்ணும் எழுதிக்கொள்ளப்படுகிறது.

அந்தப் பணத்தில் அப்பா போன மாதம் இன்னொரு பழைய கார் வாங்கினார். முன்னதைவிடச் சின்னது. ஓன் டேமேஜ் க்ளெய்ம் வாங்கியதால் போனஸ் பூஜ்யத்துக்குப் போய்விட்டது, பிரீமியம் அதிகம். நான் எதுவும் சொல்லவில்லை. முழுக் காப்பீடுதான்.

ரெண்டாவது சாவி எங்கே என்று கேட்டேன். அம்மா பீரோவைத் திறந்து காட்டினார். என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் இருக்கும் அதே ஃபைலுக்குள் இருந்தது.